ஆடி பதினைந்து, கடைசி நாள்

செக்காலை ரோட்டில், எவர்சில்வர் கடைக்கு மேலே என் ஆபீஸ்.
இரவு ஒன்பதரை.
வருமான வரித் தளம் ஒரே இடத்தில் சுற்றுகிறது
செக்கு மாடு மாதிரி.

உமையாள் ஆச்சி எதிரில்.
என்னைவிட நாலு வயது இளையவர்,
இந்த ஊரில் ஆச்சி என்றுதான் கூப்பிட வேண்டும்.
கட்டைப்பை நிறைய
கணவரின் நட்டங்களைக் கொண்டுவந்திருக்கிறார்.
சோலையப்பன். மாசியில் போனார்.
மாசி வரைக்குமான கணக்கை
வாரிசு தாக்கல் செய்ய வேண்டும்.

முதலில் பெரும்பாக்கம் ஃபிளாட்.
வாடகை கழித்து, வட்டி கழித்து
மூன்று லட்சத்து அறுபதாயிரம் நட்டம்.
இரண்டு லட்சம் சம்பளத்தில் கழியும் என்றேன்.
மிச்சம் எட்டு வருடம் காத்திருக்கும்,
வீட்டு வருமானம் வந்தால் மட்டும் வாய் திறக்கும்.

அடுத்து தேவகோட்டை ரஸ்தா மனை.
வாங்கிய விலைக்கும் கீழே விற்றது.
நீண்டகால நட்டம், ஆச்சி,
நீண்டகால லாபத்தோடு மட்டுந்தான் சம்பந்தம் வைக்கும்.

சிரித்தார்.
"நாங்க ஒரே கோயிலுக்குள்ள பொண்ணு எடுக்க மாட்டோம்.
இது ஒரே கோயிலுக்குள்ளதான் எடுக்குமாக்கும்."

பெங்களூர் ஆபீஸ் கட்டடங்களைப் பொடியாக நறுக்கி
சந்தையில் விற்கிற ட்ரஸ்ட் யூனிட், நூற்றிருபது.
டிமேட் கணக்கு ஓ.டி.பி. கேட்டது.
பைக்குள் ஏதோ முனகியது.
அவருடைய போன்.
ஐந்து மாதமாக சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார்.
யாரிடமும் பகிர வேண்டாம் என்ற ஆறு எண்களை
எனக்கு மெதுவாக வாசித்தார்
ஒவ்வொன்றாக.
பதிமூன்றாயிரம் நட்டம்.

கடைசியாக, பெரியது:
கானாடுகாத்தான் வீட்டை ஹோட்டலாக்க
மூன்று பேர் சேர்ந்த எல்.எல்.பி.
நாற்பது லட்சம்.
இதை எங்கேயும் எழுத முடியாது என்றேன்.
அது நிறுவனத்தின் நட்டம், நிறுவனத்தோடு நிற்கும்.
"அப்ப போனது யார் பணம்?"
அவர் பணம்தான்.
"நட்டம்?"
அவருடையது இல்லை.

ஃபேன் நின்றது. யு.பி.எஸ். கத்தியது.
கீழே ஷட்டர் இறக்கும் சத்தம்.

இருட்டில் கேட்டார்:
"ஃபிளாட் எனக்கு வருமா?"
வரும்.
"பேங்க் கடன்?"
அதுவும் வரும்.
"இந்த மிச்ச நட்டம்?"

இருபத்திரண்டு வருடமாகச் சட்டம் படிக்கிறேன்.
கடன் வாரிசைத் தேடி வரும்.
நட்டம் செத்தவரோடு போய்விடும்.
அந்த எல்.எல்.பி.கூட
தன் நட்டத்திலிருந்து அவர் பங்கை
வெட்டி எறிந்தாக வேண்டும்.
இதையெல்லாம் ஒரு வார்த்தையில் சொன்னேன்:
வராது.

"கோயில் வரிக்கு நாங்க ரெண்டு பேரும் ஒரே புள்ளி" என்றார்.
"போன மாசம் ரசீது வந்துச்சு.
இப்ப நான் அரைப்புள்ளி."

பான் கார்டு ஆரம்பத்திலிருந்தே இரண்டு, ஆச்சி
என்று சொல்ல வாய் வந்தது.
சொல்லவில்லை.
அரைப்புள்ளியை எங்கே போடுவார்கள் என்று
ஆறாம் வகுப்பில் கனகவல்லி டீச்சர் சொன்னது
அப்போது போய் ஞாபகம் வந்தது:
வாக்கியம் முடியாத இடத்தில்.

கரண்ட் வந்தது. தளமும் நகர்ந்தது.
பத்து நாற்பதுக்கு ஒப்புகை எண்.
பள்ளத்தூருக்குக் கடைசி பஸ் போயிருக்கும்,
ஆட்டோவுக்கு என் பையனை அனுப்பினேன்.

பிரிண்டர் ஒவ்வொரு பக்கமாகத் துப்பியது.
பதினொன்றாம் பக்கத்தில்
நான் எதுவும் அடிக்காமலே
படிவம் தானாக நிரப்பியிருந்தது:
வரும் ஆண்டுகளுக்குக் கொண்டு செல்லும் நட்டம்,
4,18,000.
பெயர், சோலையப்பன்.

யார் கொண்டு செல்வது என்று அதற்குத் தெரியாது.
அந்தக் கட்டத்தை அழிக்கவும் வழியில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு
ஆச்சி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார்.
பிறகு பர்ஸைத் திறந்தபடி கேட்டார்:

"இந்தப் பக்கம் மட்டும்
இன்னொரு காப்பி கிடைக்குமா?"